ஒரே கொடுவா, ரெண்டு உருவம்: வளர்ப்பு மீன் மட்டும் ஏன் இப்படி குண்டா இருக்கு?

அல்சூர்_அடுப்படி
பெங்களூர்ல மீன் வாங்கற நம்ம ஆளுங்க கிட்ட ஒரு சந்தேகம். ஞாயித்துக்கிழமை விருந்தாளிங்க வர்றாங்கன்னு ரசல் மார்க்கெட்ல ஒரு கொடுவா வாங்கினேன், கடல் மீன்னு சொல்லித்தான் குடுத்தாங்க, அது பத்தாதோன்னு ஒரு ஆப்ல இன்னொண்ணு போட்டேன், அதுல வளர்ப்புன்னு தெளிவாவே எழுதியிருந்தது. வெட்டறதுக்கு முன்னாடி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு டேப் புடிச்சேன். நீளம் ரெண்டும் அரை மீட்டர். ஆனா கடல்து ஒண்ணேகால் கிலோ, வளர்ப்பு ஒண்ணு எழுநூறு. முதுகு மேடா, வயிறு தொங்கி, தலை மட்டும் சின்னதா ஒட்ட வச்சாப்ல. கீறினா குடலைச் சுத்தி வெள்ளை வெள்ளையா கொழுப்பு, கடல் மீன்ல அது பேருக்குத்தான் இருந்தது. வீட்ல எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க. ரெண்டும் ஒரே ஜாதி மீன்தானா, இல்ல என் தலையில எதையோ கட்டிட்டாங்களா?

ரசல்_மார்க்கெட்_வாடிக்கை
அக்கா இதுல சந்தேகமே வேணாம், எல்லாம் ஊசி. பிராய்லர் கோழிக்கு போடறாங்கல்ல, அதே கதைதான். குளத்து மீனே வாங்காதீங்க, நான் இருபது வருஷமா கடல் மீன் மட்டும்தான்.

குட்டை_மேஸ்திரி
பிராய்லர் கோழிக்கும் பெருக்க வைக்கன்னு யாரும் ஊசி போடறதில்ல தம்பி, அது வேற பஞ்சாயத்து, விடுங்க. நான் பீமவரம் பக்கம் கெண்டை குட்டையிலயும் அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் கொடுவா குட்டையிலயும் வேலை பாத்தவன், இப்ப பீன்யால வேற தொழில். குட்டைக்குள்ள ஆயிரக்கணக்குல கெடக்கற மீனை ஒவ்வொண்ணா புடிச்சு ஊசி போட எவனுக்கு நேரம் இருக்கு, கூலி குடுத்து கட்டுமா?

ஊசிங்கற பேச்சு எங்க இருந்து வந்துச்சுன்னா, முட்டை போடற தாய் மீனுக்கு, குஞ்சு பொரிக்க வைக்கற ஹேச்சரில ஊசி போடறது நிஜம். ரோகு கட்லா எல்லாம் ஆத்து வெள்ளத்துல முட்டை போடற மீன், தேங்கின குட்டையில போடாது. 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவுல ஹிராலால் சௌத்ரின்னு ஒரு விஞ்ஞானி, மீனோட மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து அரைச்சு அந்தச் சாறை தாய் மீனுக்கு ஏத்தி முட்டை போட வச்சார். அந்தத் தேதியைத்தான் இன்னிக்கு மீன் விவசாயிகள் தினம்னு கொண்டாடறாங்க. கொடுவாவுக்கு அந்த மாதிரி நம்ம நாட்டு ஹேச்சரில குஞ்சு எடுத்தது ரொம்ப லேட்டு, 1997ல சென்னை சிபாவுல, அதாவது உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்துல. ஊசி வாங்கற தாய் மீன் வேற, அதோட குஞ்சா வளந்து உங்க சட்டிக்கு வர்ற மீன் வேற.

குண்டுக்கு காரணம் ரொம்ப சாதாரணம் அக்கா. கடல் கொடுவா வேட்டைக்காரன், மடவையையும் எறாவையும் துரத்திப் புடிச்சாதான் சாப்பாடு, ஒரு நாள் கெடைக்கும் மூணு நாள் கெடைக்காது. முகத்துவாரத்துல ஏத்த வத்தத்துக்கு நீந்திக்கிட்டே இருக்கணும். குட்டையில ஒரு மூலையில பெல்லட் விழும், வாயைத் தொறந்தா போதும். அந்தத் தீவனம் புரதமும் எண்ணெயும் சேத்து அடிச்சது, மிஞ்சற சக்தி முழுக்க குடலைச் சுத்தியும் வயித்துத் தோலுக்கு உள்பக்கமும் கொழுப்பா போய் உக்காரும். நீங்க பாத்த வெள்ளை அதுதான். தலை சின்னதாகல, ஒடம்பு பெருத்ததால சின்னதா தெரியுது.

அல்சூர்_அடுப்படி
அண்ணே ரொம்ப நன்றி, ஆனா தலை விஷயத்துல எனக்கு இன்னும் இடிக்குது. மூக்கே மொண்ணையா இருந்தது, கடல் கொடுவாவுக்கு நெத்தி பள்ளமா இறங்கி மூக்கு கூரா நீளும்ல, இதுல அது இல்ல. இன்னொண்ணு, ஒரு பக்கம் செவுள் மூடி குட்டையா இருந்து உள்ள இருக்கற செவப்பு வெளிய தெரிஞ்சது. இன்னொரு பக்கம் சரியாத்தான் இருந்தது. தின்னு கொழுத்தா செவுள் மூடி சுருங்குமா?

குட்டை_மேஸ்திரி
அட, அதைப் பாத்தீங்களா. பத்துல ஒம்போது பேர் கவனிக்க மாட்டாங்க. இது தின்னதால வந்தது இல்ல, அது குஞ்சா இருந்தப்ப ஹேச்சரில நடந்த சமாச்சாரம்.

கொஞ்சம் நீளமா சொல்றேன் ஏன்னா நானே கண்ணால பாத்தது. முட்டையில இருந்து வர்ற கொடுவா குஞ்சு ஒரு கொசுப்புழு அளவுக்குக் கூட இருக்காது, கண்ணாடி மாதிரி தெரியும், அந்த முதல் சில வாரத்துலதான் எலும்பு, தாடை, செவுள் மூடி எல்லாம் உருவாகுது. அப்ப சாப்பாட்டுல ஏதாச்சும் கொறைஞ்சாலோ, நெருக்கமா போட்டாலோ, தண்ணி சூடு ஏறி எறங்கினாலோ எங்கயாவது ஒரு எடத்துல கோணல் விழுந்துடும். வைட்டமின் சி பத்தலைன்னா முதுகெலும்பு வளையும், இது கெளுத்தி வகையிலயும் டிரவுட்லயும் ரொம்ப நாளைக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம், அதான் இப்ப எல்லா தீவனத்துலயும் அதைக் கலக்கறாங்க. பாஸ்பரஸ் கொறைஞ்சாலும் எலும்புல காட்டும். செவுள் மூடி குட்டையாறது, மேல் தாடை உள்ள போய் மூக்கு மொண்ணையாறது எல்லாம் பண்ணை மீன்ல வாடிக்கையா வர்ற கோணல்தான், பால் மீன்ல கூட பாத்திருக்கேன்.

எல்லாத்துலயும் எனக்கு ஆச்சரியமா இருந்தது காத்துப்பை கதை. மீன் வயித்துக்குள்ள வெள்ளையா பலூன் இருக்கும்ல, அது பொறக்கும்போதே ஊதியிருக்காது. குஞ்சு மேல வந்து ஒரு வாய் காத்தை முழுங்கினாத்தான் ஊதும், அதுக்கு கெடைக்கற நேரம் சில நாள்தான், அதைத் தவற விட்டா அப்புறம் வாழ்க்கை முழுக்க ஊதாது. தொட்டி மேல தீவன எண்ணெய் லேசா படலம் கட்டியிருந்தா அந்தப் பொடிசால அதைக் கிழிச்சுக்கிட்டு வர முடியாது. ஐரோப்பாவுல சீபாஸ், சீபிரீம்ங்கற கடல் மீன் ஹேச்சரிங்கள்ல 1980கள்ல இது பெரிய தலைவலியா இருந்திருக்கு. காத்துப்பை இல்லாத குஞ்சு அடியில முழுகாம இருக்க தலையைத் தூக்கி வாலைத் தொங்கப் போட்டு சாய்வா நீந்திக்கிட்டே இருக்கும், அப்படியே மாசக்கணக்குல நீந்தினா முதுகெலும்பு உள்பக்கமா வளைஞ்சுடும், பெருசானா நடு முதுகு பள்ளமா வரும். இப்ப தொட்டி ஓரமா சின்ன குழாய்ல காத்தை ஊதி அந்த எண்ணெயை ஒரு மூலைக்கு ஒதுக்கி அள்ளிடறாங்க. அள்ள மறந்தா அந்த பேட்ச்சே போச்சு.

ஓவரா வளைஞ்சதை எல்லாம் தரம் பிரிக்கும்போதே கழிச்சுடுவாங்க. கொடுவா வேற தன் இனத்தையே முழுங்கற மீன், அதனால அளவு வாரியா அடிக்கடி பிரிச்சே ஆகணும், அப்பவே கண்ணுல படும். செவுள் மூடி கொஞ்சம் கொறைஞ்சது மாதிரி சின்ன கோணல் எல்லாம் தப்பிச்சு உங்க வீடு வரைக்கும் வந்துடும். சாப்பிட ஒண்ணும் கெடுதல் இல்ல.

ரசல்_மார்க்கெட்_வாடிக்கை
சரிண்ணே ஊசியை விட்டுட்டேன். ஆனா ஒல்லியா இருந்தா கடல், குண்டா இருந்தா குளம், இந்தக் கணக்கு சரிதானே? வாலோட முனையும் பாக்கணும்பாங்க, வளர்ப்பு மீனுக்கு வால் ஓரம் தேஞ்சு உருண்டையா இருக்குமாம்.

மீன்வளம்_படிக்கிறேன்
வணக்கம், நான் மங்களூர்ல மீன்வளம் படிச்சிட்டு இப்ப ஹெசரகட்டா மீன் ஆராய்ச்சி மையத்துல ப்ராஜெக்ட் பண்றேன், ஊர் கரூர். வால் விஷயம் சால்மனுக்கு சொன்னது. கூண்டுல ஒண்ணு மேல ஒண்ணு ஒரசி, கடிச்சு, துடுப்பு ஓரம் தேயறது அதுல நல்லா தெரியும். கொடுவாவுக்கு வால் பொறவியிலயே உருண்டைதான், கடல்ல புடிச்சாலும் உருண்டைதான், அதனால அந்த டெஸ்ட்டை கொடுவா மேல பாவிச்சா எல்லா மீனும் வளர்ப்பு மீன்னு வந்துடும் 😄

ஒல்லி குண்டு கணக்கும் அப்படியே எடுத்துக்க முடியாது. எங்க படிப்புல இதுக்கு ஒரு எளிய எண் இருக்கு. எடையை கிராம்ல எடுத்து நூறால பெருக்கி, சென்டிமீட்டர் நீளத்தை மூணு தடவை பெருக்கி வர்ற எண்ணால வகுக்கணும். அக்கா மீனுக்கு போட்டுப் பாத்தேன், கடல்து சரியா 1.0, வளர்ப்பு 1.36. நல்ல வித்தியாசம்தான். ஆனா ஒரே இனத்துக்குள்ள, கிட்டத்தட்ட ஒரே நீளத்துல மட்டும்தான் இந்த எண்ணை ஒப்பிடணும், ஏன்னா மீன் வளர வளர உருவமே மாறும், கால் கிலோ குஞ்சு கொடுவாவோட தலை விகிதம் அஞ்சு கிலோ மீனுக்கு இருக்காது. நீங்க ரெண்டு மீனும் அரை மீட்டர்னு அளந்தது ரொம்ப நல்ல வேலை அக்கா, ஆராய்ச்சிக் கட்டுரைலயே சில பேர் அதைச் சரியா செய்யறதில்ல.

எடை மட்டும் போதாது, எந்த எடத்துல வித்தியாசம்னு தெரியணும்னா மீனை ஒரு பலகையில படுக்க வச்சு மூக்கு நுனி, நெத்தி, முதுகுத் துடுப்பு ஆரம்பம், முடிவு, வால் அடி, வயித்துத் துடுப்புன்னு பத்து புள்ளி குறிச்சு, புள்ளிக்குப் புள்ளி குறுக்கும் நெடுக்குமா அளக்கறோம். பத்து புள்ளி வச்சா வழக்கமா 21 அளவு வரும். ட்ரஸ்னு பேரு, ஸ்ட்ராஸ், புக்ஸ்டைன்னு ரெண்டு பேர் 1982ல கொண்டு வந்தது. மத்தியதரைக் கடல்ல கூண்டுல இருந்து தப்பிச்சு கடலுக்குப் போன சீபாஸையும் சீபிரீமையும் இந்த மாதிரி உருவ அளவை வச்சே காட்டு மீன்ல இருந்து பிரிச்சுக் காட்டியிருக்காங்க.

இடையில ஒண்ணு, ஹோட்டல் மெனுல வர்ற ஐரோப்பா சீபாஸும் நம்ம கொடுவாவும் ஒண்ணு கிடையாது, குடும்பமே வேற.

தூத்துக்குடி_டு_கேஆர்புரம்
காட்டு மீன்னா ஒல்லின்னு யார் சொன்னது? எங்க பக்கம் வந்து பாருங்க. மத்தியை எடுத்துக்கோங்க, மழைக்காலம் முடிஞ்சு கடல்ல தீனி பெருகினதும் வர்ற மத்தி சட்டியில வச்சா தன் எண்ணெயிலயே பொரியும், அதே மத்தி முட்டை விட்ட கையோட வந்தா நெஞ்செலும்பு குத்தற அளவுக்கு காஞ்சு கெடக்கும். ஒரே கடல், ஒரே மீன். எந்த மாசம் புடிச்சதுன்னு தெரியாம உருவத்தை மட்டும் பாத்து தீர்ப்பு சொல்ல முடியாதுல.

மீன்வளம்_படிக்கிறேன்
அண்ணன் சொல்றது நூறு சதவீதம். பருவம், சினை, தீனி, தண்ணி ஓட்டம் எல்லாமே உருவத்துல எழுதிடும். இன்னும் விசித்திரமா ஒண்ணு சொல்றேன், ஐரோப்பாவுல க்ரூஷியன் கார்ப்னு ஒரு கெண்டை. அதை வேட்டையாடற பைக் மீன் இருக்கற குளத்துல அது முதுகு ஒசந்து தட்டை தட்டையா வளருது, பைக் இல்லாத குளத்துல நீளமா ஒல்லியா இருக்கு. ஒசந்த ஒடம்பு பைக் வாய்க்குள்ள நுழையாது, அதான் லாபம். ப்ரான்மார்க், மைனர்னு ரெண்டு பேர் 1992ல சோதனை வச்சு காட்டினாங்க. மீனை மாத்தல, தண்ணில பைக்கைச் சேத்தாங்க, உருவம் மாறுச்சு. காட்டு மீனுக்கே அந்த இனத்தோட அசல் உருவம்னு ஒண்ணைக் காட்ட முடியாது.

அல்சூர்_அடுப்படி
அப்ப எங்க ஏரி ஜிலேபி மீன் ஏன் ஒல்லியா இருக்கு? பசங்க தூண்டில் போட்டு கொண்டு வர்றது எல்லாம் தலை பெருசு ஒடம்பு சின்னது. கடையில வர்ற ஜிலேபி அப்படி இல்லையே.

குட்டை_மேஸ்திரி
ஏரில இருக்கறது பெரும்பாலும் மொசாம்பிக் ஜிலேபியும் அதோட கலப்பும். 1952ல இந்தியாவுக்கு கொண்டு வந்தது, இப்ப சாக்கடை ஓடற எடத்துல கூட கெடக்கு. அது குட்டியிலயே முட்டை போட ஆரம்பிச்சு, வாயில வச்சே குஞ்சைக் காப்பாத்தி, ஏரி முழுக்க கூட்டம் பெருகிடும். தீனி பத்தாம ஒடம்பு நின்னு போகும், தலை மட்டும் வயசுக்கு ஏத்தாப்ல வளரும். அது மட்டுமில்ல, அதுல ஆண் மீன் வயசானா ஒடம்பு கருத்து, தாடைக்கு அடியில வெளுத்து, துடுப்பு ஓரம் செவந்து, வாய் பெருத்து நெத்தி பள்ளமாகிடும். அதைப் பாத்து வேற இனம்னு சொல்றவங்களும் இருக்காங்க.

கடைக்கு வர்ற கிஃப்ட் ஜிலேபி வேற இனம், நைல் ஜிலேபி. 1988ல பிலிப்பைன்ஸ்ல எகிப்து, கானா, கென்யா, செனகல்ல இருந்து காட்டு மீன் கொண்டு வந்து, அங்க இருந்த பண்ணை மீனோட சேத்து, தலைமுறை தலைமுறையா சீக்கிரம் வளர்றதை மட்டும் பொறுக்கி எடுத்தது. நம்ம ஜெயந்தி ரோகுவும் அந்த வழிதான், புவனேஸ்வர்ல 1992ல நார்வேகாரங்களோட சேந்து ஆரம்பிச்சு, சுதந்திரப் பொன்விழா வருஷம் 1997ல வெளிய விட்டதால அந்தப் பேரு. ஆந்திரால இருந்து லாரில ஐஸ் போட்டு பெங்களூருக்கு வர்ற ரோகுல அதுவும் இருக்கு.

ஃப்ரேசர்_டவுன்_பிரியாணி
மீன் பத்தி படிச்சு படிச்சு பசி எடுக்குது. நடுவுல என் சோகம். ஒரு கடையில வாவல்னு சொல்லி அழகா வட்டமா ஒண்ணு குடுத்தான், வீட்ல வந்து வாயைத் தொறந்தா மனுஷன் பல்லு!

தூத்துக்குடி_டு_கேஆர்புரம்
ரூப்சந்த் குடுத்து அனுப்பிட்டான் 😂 தென் அமெரிக்கா மீன் தம்பி அது, பாக்குன்னு பேரு, பிரானாவோட சொந்தம், நன்னீர்ல வளர்க்கறது. வட்டமா தட்டையா இருக்கறதால தூரத்துல வாவல் மாதிரி தெரியும். வயிறு செவந்திருக்கும், முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவுல சின்னதா சதைத் துடுப்பு ஒண்ணு தனியா நிக்கும், வாவலுக்கு அது கெடையாது. பல்லும் சாட்சி. ரூப்சந்த்னு சொல்லி ரூப்சந்த் வெலைக்கு வித்தா நல்ல மீன்தான்.

ரசல்_மார்க்கெட்_வாடிக்கை
சரி நம்ம ஊர் கெண்டைக்கு வாங்க. கர்நாடகா ஏரி கெண்டை வாங்கினா பாதி சினைதான் இருக்கு. ரெண்டு கிலோ எடை போட்டு வாங்கி சுத்தம் பண்ணா சட்டியில விழறது ஒண்ணேகால். அதுவும் குண்டுதானே, அது யார் தின்ன கொழுப்பு?

மீன்வளம்_படிக்கிறேன்
இது எங்க வீட்டுக் கதை, ஹெசரகட்டாவே இதுக்காகத்தான் பல வருஷம் வேலை பாத்தது. 1957ல பாங்காக்ல இருந்து காமன் கார்ப் வந்தது, ஏரிக்கு ஏரி அதோட வாரிசுதான். இந்த வகை ஆறு மாசம் வாக்குலயே சினைக்கு வந்துடும், கைக்கு அடக்கமா இருக்கும்போதே வயிறு உப்பி நிக்கும், சாப்பிடறது எல்லாம் சதைக்குப் போகாம முட்டைக்குப் போயிடும். அதுக்கு மாத்தா ஹங்கேரில இருந்து அமூர் வகையைக் கொண்டு வந்து இங்க பெருக்கினாங்க, அது லேட்டா சினைக்கு வரும், ஒடம்பும் நீளவாக்குல இருக்கும், வெட்டினா சதை கூட நிக்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சா உங்க கண்ணுக்கே தெரியும். கை வச்சு அமுக்கிப் பாருங்க, சினை வயிறு கெட்டியா பக்கவாட்டுல புடைக்கும், கொழுப்பு வயிறு அடியில தளதளன்னு இருக்கும்.

கார்ப்ல மனுஷன் கை வேற ரொம்ப விளையாடியிருக்கு. டான்யூப் ஆத்துல இருக்கற காட்டு கார்ப் நீளமா உருட்டா இருக்கும், நூத்துக்கணக்கான வருஷமா குளத்துல வளத்த ஜெர்மனி கார்ப் முதுகு மலை மாதிரி ஒசந்திருக்கும், பவேரியால அய்ஷ்குருண்ட் கார்ப்னு ஒண்ணு கிட்டத்தட்ட தட்டு. ஊட்டி ஏரில 1939ல சிலோன்ல இருந்து வந்த மிரர் கார்ப்புக்கு செதிலே அங்கங்க பெருசு பெருசாத்தான் இருக்கும், அது ஜீன்ல வந்தது, தீனியால வந்தது இல்ல.

காவிரி_கரை_பையன்
ஜீன்னதும் ஞாபகம் வந்தது. காவிரில கூன் முதுகு மஹ்சீர்னு ஒரு மீன், ஆரஞ்சு துடுப்பு, தலைக்குப் பின்னாடி நிஜமாவே மேடு, ஆள் எடைக்கு வளரும். 1970கள்ல இருந்து மகாராஷ்டிரா லோனாவாலா ஹேச்சரில பெருக்கின நீலத் துடுப்பு மஹ்சீரை காவிரில நெறைய விட்டாங்க, நல்ல எண்ணத்துலதான். இப்ப ஆத்துல கெடைக்கறது பெரும்பாலும் அதுதான். 2018லதான் அந்தக் கூன் முதுகுக்காரனுக்கு அறிவியல் பேரே உறுதியாச்சு, அதே வருஷம் அழியற நிலை பட்டியல்லயும் சேத்துட்டாங்க. இது திங்கறதுக்கு சொல்லல, தொடவே கூடாது. ஆனா உருவ வித்தியாசம்னு பேசறப்போ, எல்லாம் தீனியால வந்ததுன்னு நெனைச்சு ஒதுக்கினா இந்த மாதிரி தனி இனமே கை நழுவிடும்ல.

அல்சூர்_அடுப்படி
எவ்ளோ விஷயம்! இப்ப சமையலுக்கு வர்றேன். ரெண்டையும் ரெண்டு விதமா பண்ணேன். கடல் கொடுவாவை புளிக்குழம்புல போட்டேன், துண்டு உடையாம கெட்டியா நின்னது. வளர்ப்பை மசாலா தடவி தவால போட்டேன், எண்ணெய் கம்மியா ஊத்தியும் ஒட்டவே இல்ல, ஆனா வயித்துத் துண்டு மட்டும் திகட்டுச்சு. அடுத்த தடவை அந்தக் கொழுப்பை வழிச்சு எடுத்துட்டுத்தான் பொரிப்பேன். மீன்வளம் தங்கச்சிக்கு கடைசியா ஒரு கேள்வி. கடல் கொடுவான்னு நாம பாக்கறது எல்லாமே ஏன் ஏறக்கொறைய ஒரே சைஸ்ல, ஒரே சுத்தளவுல வருது? கடல்ல குண்டு மீனே இல்லையா?

மீன்வளம்_படிக்கிறேன்
நல்லா கேட்டீங்க அக்கா. அது வலை பண்ற வேலை. செவுள் வலைல மீன் கண்ணிக்குள்ள தலையை விட்டு நடு ஒடம்புக்கு முன்னாடி மாட்டும், அதனால அந்தக் கண்ணி அளவுக்கு சுத்தளவு ஒத்து வர்றது மட்டும்தான் மாட்டும். அதை விட ஒல்லி நழுவிப் போயிடும், அதை விட குண்டு தலையை மட்டும் இடிச்சுட்டு திரும்பிடும். நீளம் ஒண்ணா இருந்தாலும் ஒரே வலை ஒரே வடிவத்தைத்தான் பொறுக்கிக் கொண்டு வரும். கடல்ல குண்டு கொடுவா இருக்கும், அந்தக் கண்ணில வராது. அதனாலதான் நாங்க காட்டு மீன்ல சாம்பிள் எடுக்கும்போது ஒரே வலையை நம்பறதில்ல, பல கண்ணி அளவு போடுவோம், தூண்டில் மீனும் கேட்டு வாங்குவோம்.

தூத்துக்குடி_டு_கேஆர்புரம்
தூண்டில்ல மட்டும் பாரபட்சம் இல்லையா என்ன, பசியில இருக்கறதுதான் முதல்ல கவ்வும்.

மீன்வளம்_படிக்கிறேன்
ஆமாண்ணே, அதனால அதை மட்டும் வச்சும் எழுத முடியாது. எங்க கைடு முதல்ல கேக்கற கேள்வியே எந்த வலை, எந்த மாசம்னுதான்.

ரசல்_மார்க்கெட்_வாடிக்கை
நாளைக்கு கடைக்காரர் கிட்ட கேட்டுப் பாக்கறேன். வலையா தூண்டிலான்னு கேட்டா வெலையை ஏத்துவாரு, அது மட்டும் உறுதி.